கானா அக்காவின் இடது கை

புது சோப்பு வாங்கினால் அக்கா முதலில் தன் இடது கையில், மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே, உள்பக்கமாகத் தேய்த்துப் பார்ப்பாள். பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் தலைச்சாயம் பூசுவதற்கு முன் அதே இடத்தில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டு, "நாளைக்கு வாங்க, என் கை என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். குழந்தை குளிக்கிற வெந்நீர், இஸ்திரிப் பெட்டி, தெருவில் விற்க வந்த மூட்டுவலித் தைலம், எல்லாம் அந்தக் கைக்குப் போய்விட்டுத்தான் மற்றவர்களிடம் வரும். ஒருமுறை நான் பெயிண்ட் கரைக்கிற டர்பன்டைனைக் கீழே வைத்திருந்தேன். அதையும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு, "எரியுது தம்பி, உள்ள வைக்காதே" என்றாள்.

எதற்கு இப்படி என்று கேட்டால் காரணம் சொல்லமாட்டாள். "முதல்ல என் கை. அப்புறம் நீங்க" என்பாள். அவ்வளவுதான்.

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலிலிருந்து உள்ளே நாலைந்து தெரு தள்ளி அவள் வீடு. மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு அறை. அதில் நான் குடியிருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். திருப்பூர், பெங்களூர், விஜயவாடா என்று சுற்றிவிட்டு, வேளச்சேரி ரோட்டில் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்த அந்த வருடங்களில் அங்கே கான்கிரீட் வேலைக்கு வந்து சேர்ந்தேன். ஒரு ஊரில் இரண்டு வருடம் தாண்டி நான் இருந்ததில்லை. அங்கே மட்டும் அதைத் தாண்டி இருந்தேன். அதற்கு அக்காதான் காரணம், சரியாகச் சொன்னால் அவள் வைத்திருந்த வெண்ணெய்.

ஷியா வெண்ணெய் என்று அதற்குப் பெயர். ஆப்பிரிக்காவில் ஒரு மரத்துக் கொட்டையை வறுத்து அரைத்துக் கடைந்து எடுப்பார்களாம். அக்காவின் கணவர் கானா நாட்டில் ஒரு பஞ்சாலையில் மெக்கானிக்காக இருந்தவர். அங்கேயே மாரடைப்பில் போய்விட்டார். அவரை அங்கேயே அடக்கம் செய்துவிட்டு இரண்டு சூட்கேசும் ஒரு பிளாஸ்டிக் வாளியுமாகத் திரும்பி வந்தவள் அக்கா. வாளி நிறைய அந்த வெண்ணெய். அதற்குப் பிறகு, அங்கே வேலையில் இருந்த கணவரின் சிநேகிதர் ஒவ்வொரு வருடமும் லீவில் வரும்போது ஒரு வாளி கொண்டுவந்து கொடுப்பார். தெருவில் எல்லோருக்கும் அவள் கானா அக்கா. "கானா அக்கா, ஒரு கானா பாடுக்கா" என்று தெருமுனைப் பையன்கள் கிண்டல் செய்வார்கள். "பாடினா ஓடிடுவீங்கடா" என்பாள்.

வெண்ணெய் பார்க்க அழுக்கு மஞ்சளாக இருக்கும். புகை அடித்த வேர்க்கடலை போல வாசம். முதல் நாள் என் காலை அவள் பார்த்தாள். சிமெண்டுத் தண்ணீரில் நின்று நின்று குதிகால் பாளம் பாளமாக வெடித்திருந்தது. அதில் ஒரு தீக்குச்சி நுழையும்.

"இந்தக் காலோடயா மாடிப்படி ஏறுற? உட்காரு."

அன்றிலிருந்து வேலை விட்டு வந்ததும் என் காலுக்கு வெண்ணெய். ஒரு மாதத்தில் குதிகால் மூடிவிட்டது. என்னைப் பார்த்து சைட்டில் இருந்தவர்களும் வர ஆரம்பித்தார்கள். ஐஸில் கை விட்டு விரலெல்லாம் வெடித்துப்போன கோவளத்து மீன்காரம்மா ஒருத்தி, கூடையைக் கேட்டுக்கு வெளியே இறக்கிவைத்துவிட்டு வந்து கையை நீட்டுவாள். போகும்போது ஒரு கை நெத்திலி போட்டுவிட்டுப் போவாள். வயிறு தள்ளிய பெண்கள் அடிவயிற்று அரிப்புக்கு வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போது அக்காவின் உதடும் செருப்பும் ஒரே மாதிரி பளபளக்கும். கேட்டுக் கீலுக்கும் அதுதான். வாழைப்பழத்தை வட்டமாக நறுக்கி அதில் பொரித்து எனக்கு ஒருநாள் கொடுத்தாள். "சாப்பிடறதையா கேட்டுக்குப் போடுறீங்க?" என்றேன். "கேட்டுக்குப் போடுறதைத்தான் உனக்குத் தர்றேன்" என்றாள்.

அதை அப்படியே எடுத்துப் பூசமாட்டாள். சித்திரை வெயிலில் வாளியிலேயே இளகி, திரும்ப இறுகும்போது ரவை ரவையாகிவிடும். அதனால் கொஞ்சம் எடுத்துக் கிண்ணத்தில் போட்டு, கிண்ணத்தைக் கொதிக்கிற தண்ணீரில் உட்காரவைத்து உருக்குவாள். வெள்ளைத் துணியில் வடிகட்டுவாள். அப்புறம் ஆறவிட்டு ஒரு சொட்டு, இடது கையில் அந்த இடத்தில். "ம்" என்பாள். அந்த "ம்" வந்த பிறகுதான் நாம் காலை நீட்டலாம்.

செல்வி அந்த "ம்"முக்காகவே வருவாள். ஏரிக்கரைப் பக்கம் குடிசையில் இருந்த சித்தாள். என்னோடு ஒரே சைட்டில் கல் சுமந்தவள். பிறந்து சில மாதமான ஒரு பெண் குழந்தை அவளுக்கு. தோல் உலர்ந்து செதில் செதிலாக உரியும் குழந்தை. ராத்திரி முழுக்க அரித்து அழும். அக்கா உருவிவிட்டால் அடித்துப் போட்ட மாதிரி தூங்கும். வேலைக்குப் போகும் வழியில் காலையில் செல்வி கொண்டுவந்து மடியில் போடுவாள்.

"எங்க அம்மா கைல குட்த்தா கூட கத்துது. உன் கைல இன்னா வெச்சுக்கீற?" என்பாள்.

"வெண்ணெய்" என்பாள் அக்கா.

முதலில் என் காலுக்குத்தான் தெரிந்தது. ஒருநாள் சாயங்காலம் அவள் "ம்" சொல்லிவிட்டு ஊற்றினாள். நான் துள்ளி எழுந்துவிட்டேன்.

"ஐயோ அக்கா, சுடுது!"

"ஆம்பளையாடா நீ? என் கைக்கு சுடலையே."

சிரித்துவிட்டேன். வருடக்கணக்காக சூடு பார்த்த கை, காய்ப்பு ஏறியிருக்கும் என்று நினைத்தேன். சமையல்காரர்கள் வெறுங்கையால் அண்டா இறக்குவதைப் பார்த்திருக்கிறேன். பிறகு அடிக்கடி அப்படி நடந்தது. வெண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு கூடி வந்தது. நான் பழகிக்கொண்டு, அவள் ஊற்றுவதற்கு முன் ஊதி ஆற்ற ஆரம்பித்தேன்.

இன்னொன்றும் நடந்தது. அவள் சோதித்துப் பார்க்கும் அந்த இடம் வெளுத்துக்கொண்டு வந்தது. ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஓரம் சரியாகத் தெரியாத ஒரு தேமல் மாதிரி. அக்காவுக்கு அதில் சந்தோஷம்.

"பாரு தம்பி, தினமும் வெண்ணெய் படுற இடம் மட்டும் சிவப்பா வருது. உடம்பெல்லாம் போட்டிருந்தா நான் இந்நேரம் வெள்ளைக்காரி."

தெருவில் இந்தச் செய்தி பரவியது. குதிகாலுக்குக் கேட்காதவர்கள் எல்லாம் முகத்துக்குக் கேட்டு வந்தார்கள். கல்யாணத்துக்கு நிற்கிற பெண்களை வைத்திருந்த அம்மாக்கள் ஜாம் பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தார்கள். அக்கா கையை நீட்டிக் காட்டுவாள். அவர்கள் அந்த இடத்தைத் தடவிப் பார்த்து, "எவ்ளோ மழமழன்னு இருக்கு, ஒரு முடி கூட இல்ல" என்பார்கள்.

மே மாதம் ஒரு மத்தியானம். கரண்ட் இல்லை. படியில் உட்கார்ந்து அக்கா விசிறிக்கொண்டிருந்தாள். எனக்கு முதுகில் ஓடை மாதிரி வியர்வை. அவள் நெற்றி, கழுத்து, கை எல்லாம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. அந்த வெளுத்த இடத்தில் மட்டும் ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஈரத் தரையில் காய்ந்த திட்டு மாதிரி இருந்தது.

அதை நான் வேறு இடத்தில் பார்த்திருந்தேன். ராஜகீழ்ப்பாக்கம் வருவதற்கு முன் செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்கு வெள்ளையடிக்கப் போனேன். தொழுநோய்க்காரர்களைப் பார்க்கிற ஆஸ்பத்திரி. சாரத்தில் நின்றபடி ஜன்னல் வழியாக டாக்டர் சோதிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கண்ணை மூடச் சொல்வார். பஞ்சைத் திரித்து நுனியால் தொடுவார். தொட்ட இடத்தை அவர்கள் விரலால் காட்ட வேண்டும். சில பேர் காட்டமாட்டார்கள். அந்த இடங்கள் எல்லாம் இப்படித்தான் இருந்தன. வெளுத்து, முடி இல்லாமல், வேர்க்காமல்.

மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை உருவி என் கால், தொடை, கை எல்லாம் குத்திப் பார்த்தேன். எல்லா இடத்திலும் வலித்தது. ஆனாலும் பயம் போகவில்லை. எத்தனை நாள் அவள் கை என் காலில் தேய்ந்திருக்கிறது. அடுத்த பயம் அதைவிடப் பெரிது. கீழே வாரத்தில் ஆறு நாள் ஒரு பச்சைக் குழந்தை வருகிறது. சூடு பார்ப்பது அந்தக் கை.

மறுநாள் வேலைக்குப் போகாமல் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. செல்வி வந்தாள். குழந்தையின் துணியை அவிழ்த்து அக்காவின் மடியில் போட்டாள். அக்கா கிண்ணத்தைத் தண்ணீரிலிருந்து எடுத்து, ஆறவிடாமலே, கையில் ஒரு சொட்டு விட்டாள்.

"ம்."

நான் எட்டிக் கிண்ணத்துக்குள் விரலை விட்டேன். சுரீர் என்று பிடித்தது. கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டேன்.

"இன்னாண்ணா இது, புள்ளைக்கு வெச்சதுல கைய வுடுற?" என்றாள் செல்வி.

"கொதிக்குது. ஊத்தாதீங்க அக்கா."

"இவனுக்கு எப்பவும் இதே வேலை" என்று அக்கா செல்வியைப் பார்த்துச் சிரித்தாள். "குடு இங்க. எங்கடா கொதிக்குது? பாரு."

என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி, எங்கள் இரண்டு பேருக்கும் காட்டுவதற்காக, அந்த இடத்தில் ஒரு கரண்டி அளவு சாய்த்தாள். வெண்ணெய் வழிந்தது. அவள் முகம் மாறவில்லை. "பார்த்தியா? இளஞ்சூடு. உங்க ரெண்டு பேரையும் கானாவுல ஒரு மாசம் விட்டா..." என்று பேசிக்கொண்டே இருந்தாள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தத் தோல் சிவந்தது. பிறகு மெதுவாக மேலே எழும்பியது.

"அக்கா" என்றாள் செல்வி. "கை பொங்குதுக்கா."

அக்கா குனிந்து பார்த்தாள். வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தாள். செல்வி குழந்தையை வாரி எடுத்தாள். துணியைக்கூடச் சுற்றாமல் மார்போடு சேர்த்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு அந்த நோயின் பெயர் எதுவும் தோன்றியிருக்காது. கொதிக்கிற எண்ணெய் தன் குழந்தை மேல் விழ இருந்தது, அது மட்டும்தான்.

கொப்புளத்துக்கு ஈரத் துணி சுற்றிவிட்டு, தலையணையில் இருந்து கொஞ்சம் பஞ்சு எடுத்துத் திரித்தேன்.

"அக்கா, கண்ணை மூடிக்குங்க. நான் தொடுற இடத்தை இந்த விரலால காட்டுங்க."

"எதுக்குடா?"

"சும்மா."

கண்ணை மூடினாள். நெற்றியில் தொட்டேன், காட்டினாள். வலது கையில் தொட்டேன், காட்டினாள். இடது கை விரலில் தொட்டேன், காட்டினாள். துணிக்கு வெளியே தெரிந்த வெளுத்த ஓரத்தில் தொட்டேன். காத்திருந்தேன். திரும்பவும் தொட்டேன். பஞ்சை விட்டுவிட்டு விளக்குமாற்றுக் குச்சியால் அழுத்தினேன்.

"தொடுடா" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல். "ஏன் நிறுத்திட்ட?"

அவளாகவே கண்ணைத் திறந்து, குச்சி எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். அப்புறம் கேட்டாள், "இது அதுதானா?"

"எனக்குத் தெரியாதுக்கா. டாக்டர்தான் சொல்லணும்."

தாம்பரத்தில் ரயில் ஏறிச் செங்கல்பட்டு போனோம். அவள் வழி முழுக்க முந்தானையால் கையை மூடியிருந்தாள். யாரோ ஒரு பெண் பக்கத்தில் உட்கார வந்தாள். அக்கா ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு, இன்னொருவரும் உட்காரலாம் என்கிற அளவுக்கு இடம் விட்டாள். டாக்டர் சின்ன வயது. தொட்டுப் பார்த்தார், முழங்கையில் நரம்பை உருட்டிப் பார்த்தார், நோயின் பெயரைச் சொன்னார். ஆறு மாதம் மாத்திரை, இங்கேயே இலவசமாகக் கொடுப்போம், குணமாகிவிடும் என்றார். "வெண்ணெய் பூசிப் பூசி வறட்சி தெரியாம வச்சிருக்கீங்க. இல்லேன்னா முன்னாடியே கண்டுபிடிச்சிருப்பீங்க" என்றார். அக்கா எதையும் கேட்ட மாதிரி இல்லை.

"குழந்தையைத் தொடலாமா?"

"உங்களுக்கு வந்திருக்கிறது சுலபமா ஒட்டுற வகை இல்லை. மாத்திரையும் இன்னிக்கே ஆரம்பிச்சுடறோம். தாராளமா தொடலாம். ஆனா சூடு பார்க்கிற வேலையை அந்த இடத்துக்கிட்ட கொடுக்காதீங்க. அங்க உணர்ச்சி திரும்ப வரும்னு உறுதியாச் சொல்ல முடியாது."

"இந்தக் கை?" என்று வலது கையை நீட்டினாள்.

"அது நல்லா இருக்கு."

"நாளைக்கு?"

டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது நான் சொன்னேன். "யார்கிட்டயும் சொல்லவேணாம் அக்கா. மாத்திரையைச் சாப்பிடுங்க, அது பாட்டுக்குப் போயிடும். தெருவுக்குத் தெரிஞ்சா உங்களை இருக்கவிட மாட்டாங்க." நான் பல ஊரில் இருந்தவன். பயந்த தெரு எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியும்.

ரயிலை விட்டு இறங்கியதும் அக்கா நேராக ஏரிக்கரைக்கு நடந்தாள். குடிசை வாசலில் நின்று செல்வியைக் கூப்பிட்டாள். உள்ளே போகவில்லை. வந்திருக்கிற நோயின் பெயரைச் சொன்னாள். டாக்டர் சொன்னதையும் சொன்னாள். பிள்ளையை ஒருமுறை கொண்டுபோய்க் காட்டிவிடு என்றாள். செல்வி குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டே இருந்தாள்.

"இத்த இன்னாத்துக்குக்கா என்கிட்ட வந்து சொல்ற?" என்றாள் கடைசியில். கிட்டத்தட்ட அழுகை. "சொல்லாம இருந்திருந்தா நான் பாட்டுக்கு வந்துகினு இருந்திருப்பேனே."

"அதனாலதான்" என்றாள் அக்கா.

ஒரு வாரத்துக்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. காலையில் கேட்டைத் திறந்தால் வெளியே ஜாம் பாட்டில்கள் இருக்கும். சிலவற்றில் வெண்ணெய் தொடாமலே இருந்தது. யாரும் கதவைத் தட்டித் திட்டவில்லை. திட்டுவார்கள் என்றுதான் நான் எதிர்பார்த்திருந்தேன். பாட்டில்களை வைத்துவிட்டுப் போனவர்கள் யார் என்றுகூடத் தெரியாது. தலைச்சாயம் பூசிக்கொண்ட அம்மா எதிரே வந்தால் செல்போனைக் காதில் வைத்துக்கொள்வாள். கானா பாடச் சொன்ன பையன்கள் சத்தமில்லாமல் எழுந்து நகர்ந்தார்கள். அக்கா பாட்டில்களை எடுத்து, கழுவி, வெயிலில் கவிழ்த்துவைத்தாள். வெண்ணெய் உருக்குவதை நிறுத்திவிட்டாள். சாதத்தை ஆறவைத்து, ஜில்லென்றுதான் சாப்பிட்டாள். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும்போது வலது கையை நீட்டிவிட்டு, திரும்ப இழுத்துக்கொண்டு, துணியைத் தேடுவாள். எந்தக் கையையும் அவள் நம்பவில்லை. எனக்கும் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று பல தடவை தோன்றியது. குச்சியால் என்னைக் குத்திப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

மழைக்காலம் முடிந்து பனி விழ ஆரம்பித்த ஒரு காலை. கேட்டுச் சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்தேன். செல்வி குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். குழந்தையின் கன்னமும் காலும் வெடித்து, சொறிந்த இடமெல்லாம் ரத்தம் கட்டியிருந்தது.

"ஆஸ்பத்திரில காட்டிட்டேன்க்கா. அந்த நோய்லாம் ஒண்ணும் இல்லன்ட்டாங்க. களிம்பு குட்த்தாங்க, கேக்கல. தூங்கவே மாட்டேன்னுது. பேஜாராகீது."

அக்கா எழுந்தாள். உட்கார்ந்தாள். "உனக்குப் பயமா இல்லையா?"

"பயமாத்தான்க்கா கீது."

அக்கா அடுப்பைப் பற்றவைத்தாள். வெண்ணெய் உருகியதும் துணியால் பிடித்து இறக்கி, செல்வியின் முன்னால் தள்ளினாள். தன் கையை அதன் பக்கம் கொண்டுபோகவே இல்லை. செல்வி முழங்கையை நனைத்துப் பார்த்தாள். ஊதினாள். மறுபடி நனைத்தாள். "இப்ப சரியா கீது. போடு" என்றாள். அக்கா குழந்தையைக் காலில் போட்டு உருவத் தொடங்கினாள். அந்தக் கை போன இடமெல்லாம் செல்வியின் கண் போனது. கண்ணைச் சிமிட்டினாளா என்றுகூட எனக்குச் சந்தேகம். குழந்தை கொஞ்ச நேரம் முனகிவிட்டுத் தூங்கிவிட்டது.

அவள் போன பிறகு நானும் அக்காவும் கேட்டுக்கு வந்தோம். செல்வி தெருமுனை வரைக்கும் போனாள். அங்கே அடிபம்பு இருக்கிறது. நின்று, சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒரு கையால் பம்பை அடித்து, குழந்தையின் முதுகு, கால், கை எல்லாம் தேய்த்துக் கழுவினாள். குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது.

நான் அக்காவின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நின்றேன்.

"பனியில பச்சத் தண்ணிய ஊத்துறா பாரு" என்றாள் அக்கா. "புள்ளைக்குச் சளி பிடிச்சுக்கும். நாளைக்கு வந்தாள்னா இங்கயே வெந்நீர் வச்சுக் கொடுத்துடணும். சோப்பும் எடுத்து வை. சூடு அவளே பார்த்துக்கட்டும்."

மறுநாளும் செல்வி வந்தாள்.